இரும்பும் தகரமும்

எங்கள் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ், சாம்பல் நிறத்தில் ஒரு மொரிஸ் மைனர் கார் நிற்கிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டது. என் வாப்பாவைவிடப் பதினெட்டு வயது மூத்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே இயங்காது. முதலில் பெற்றோல் பம்ப் 'டிக், டிக், டிக்' என்று சத்தமிடும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு டேஷ்போர்டில் உள்ள குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். பெட்டரி இறங்கியிருந்தால் முன்பக்கத் துளையில் இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்ற வேண்டும். திரும்பும்போது இந்தக் காரில் விளக்கு மினுங்காது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் நிறச் சின்னக் கை ஒன்று வெளியே எழும்பும். சிறு வயதில் அந்தக் கை எழும்புவதைப் பார்ப்பதற்காகவே நான் மூத்தவாப்பாவோடு கடைக்குப் போவேன்.

மூத்தவாப்பா இந்தக் காரை 1974இல் வாங்கினார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அவருடைய வாப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு அங்கே முன்பிருந்த அளவுக்கு வேலை இருக்கவில்லை. "கப்பல நம்பினா கப்பல் போயிரும். சொந்தமா ஒண்டு வேணும்" என்று அவர் மகனுக்குச் சொல்வாராம். மூத்தவாப்பாவின் சொந்தமான 'ஒண்டு' இந்தக் கார்தான். இதை வைத்து முப்பது வருடங்களுக்கு மேல் ஹயர் ஓடினார்.

இந்தக் கார் ஏற்றி இறக்கியவர்களின் கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மார்கள், மணமக்கள், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான். அதுவரை காரைப் பாதையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். யுத்த காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கிய காலையில் கரையோரத்துக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு உவர்மலைக்கு மூன்று நடை போயிருக்கிறார். நான்கு பேர் போகும் காரில் அன்று ஒரே தடவையில் பதினொரு பேர் போனார்களாம்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பொனட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். "இரும்பு மகள், இரும்பு. இப்ப வாற காரெல்லாம் தகரம்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது.

பழைய கார் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஓர் அன்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் அது முதன்முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னர், மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று அவர் அதை நடுவே இரண்டாக வெட்டச் செய்தார். இரண்டு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். எங்கள் காரின் பொனட்டின் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடுகிறது. அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய கார் இதுதான். இலங்கையில் டாக்டர்களும் ஆசிரியர்களும் ஹயர்காரர்களும் இதை விரும்பி வாங்கினார்கள்.

ஆனால், அது இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் விருப்பம் மட்டுமல்ல. 1960களில் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, உள்ள காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கியூபாவிலும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா வர்த்தகத்தை நிறுத்தியது. புதிய அமெரிக்கக் கார்கள் வருவது நின்றுபோனது. அதற்கு முன் வந்திறங்கிய செவர்லேக்களும் ஃபோர்ட்களும் ஹவானா வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. கடை மூடியிருக்கும் நாட்டில் மெக்கானிக் கெட்டிக்காரனாகிறான்.

எங்கள் தலைமுறையும் இதைப் பார்த்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலும் இல்லாமல் போனது. கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். சீனக்குடாவில் மலைச்சரிவுகளுக்குள் உலகயுத்த காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குச் சில மைல் தூரத்தில் நாங்கள் போத்தலோடு வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் எங்கள் மொரிஸும் நின்றது, மாமாவின் ஜப்பானியக் காரும் நின்றது. மாமாவுடையது புதிய மாதிரி ஹைபிரிட் செடான். எங்கள் கார் ஒரு லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும். மாமாவுடையது இருபதுக்கு மேல் ஓடும். 20 லீற்றரில் நாங்கள் 240 கிலோமீற்றர் போகும்போது மாமா 400ஐத் தாண்டிவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. எங்கள் கார் நின்றுபோனால் மூத்தவாப்பா ஒரு ஸ்பெனரும் ஒரு துண்டுக் கம்பியும் வைத்துத் திருத்திவிடுவார். மாமாவின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால்கூட அதைக் கணினியில் பொருத்திப் பார்க்க கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே பெற்றோலில் மாமாவும் திருத்துவதில் மூத்தவாப்பாவும் வென்றார்கள். மூன்றாவது விடயம் ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மாமாவின் கார் மழை நேரத்தில் வழுக்கி ஒரு மதகில் மோதியது. மாமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. காரின் முன்பக்கம் கசக்கிப் போட்ட கடதாசி மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் போன மூத்தவாப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நசுங்கிய பொனட்டை விரலால் தட்டினார்.

"நான் சொல்லல்லியா? தகரம். நம்மட காரா இருந்தா மதகுதான் ஒடஞ்சிரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதே காலத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் எங்கள் காரை விலைக்குக் கேட்டு வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர். அவர் சொன்ன விலையைக் கேட்டு உம்மா வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். வீட்டின் பின்பக்கக் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. மூத்தவாப்பா வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். "இந்தக் கார்ல போனா என்ட புள்ளையளுக்கு ஒண்டும் நடக்காது. அத வித்துப்போட்டு தகரத்துல ஏத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பிறகு இந்த வருடம் நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் கந்தளாயில் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். மூத்தவாப்பா ஓட்டினார். முன்னால் உம்மா, உம்மாவின் மடியில் ஆறு வயதுத் தம்பி. பின்னால் வாப்பாவும் நானும் தங்கையும் இருந்தோம். பாலம்போட்டாறு தாண்டியதும் ஒரு கன்றுக்குட்டி திடீரென்று வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. மூத்தவாப்பா பிரேக்கில் ஏறி மிதித்தார். வேகம் நாற்பதுதான் இருக்கும். கார் நின்றது. கன்றும் தப்பியது. ஆனால், தம்பி உம்மாவின் கையை விட்டுப் பறந்து போய் டேஷ்போர்டில் அடிபட்டான்.

அந்தக் காலத்துக் கார்களில் டேஷ்போர்ட் இரும்புத் தகட்டால் ஆனது. மெத்தை இல்லை. ஆசனப்பட்டியும் இல்லை. தம்பியின் நெற்றியில் ஐந்து தையல் போட்டார்கள். அவனுடைய பெருநாள் சட்டை முழுக்க இரத்தம். "நான் இறுக்கிப் புடிச்சிருந்தேனே, இறுக்கித்தானே புடிச்சிருந்தேன்" என்று உம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று இரவு அவர் தூங்கவில்லை.

மறுநாள் மூத்தவாப்பா முற்றத்தில் நின்று சொன்னார், "அல்ஹம்துலில்லாஹ். இரும்புக் கார் எண்டபடியாத்தான் இந்த மட்டுல தப்பினம்."

அந்த முறை நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. ஆனால், அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரிந்தது சில வாரங்களுக்குப் பிறகு, பௌதிகவியல் வகுப்பில். உந்தமும் கணத்தாக்கும் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆசிரியை பல்லூடக அறைக்கு எங்களை அழைத்துப் போய் ஒரு காணொளியைக் காட்டினார். அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது 1959இல் தொடங்கப்பட்டது. 2009இல் தன் ஐம்பதாவது ஆண்டை முன்னிட்டு அது ஒரு சோதனை செய்தது. 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் எயார் கார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மலிபு செடான் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் ஒரே கம்பனியின் கார்கள். இடையில் ஐம்பது வருடங்கள்.

பெல் எயாரைப் பார்த்ததும் வகுப்பில் எல்லோரும் "ஆ" என்றோம். ஐந்து மீற்றருக்கும் மேல் நீளம். பின்பக்கத்தில் பறவை சிறகு விரித்த மாதிரி இரண்டு தகடுகள். முன்னால் பளபளக்கும் குரோமியம். பக்கத்தில் மலிபு சவர்க்காரக் கட்டி மாதிரி நின்றது. எடையில் இரண்டும் ஏறக்குறையச் சமம். எது வெல்லும் என்று ஆசிரியை கேட்டார். பாதிப் பேர் பழைய காருக்குக் கை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். என் காதில் மூத்தவாப்பா பொனட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு கார்களும் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீற்றர் வேகத்தில் வந்தன. முன்பக்கத்தின் முழு அகலமும் மோதவில்லை. சாரதி இருக்கும் பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் மோதியது. வீதியில் முந்திச் செல்லும்போது நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மெதுவாக்கிக் காட்டியபோது நான் பார்த்தது இதுதான். மலிபுவின் முன்பக்கம் நசுங்கிக்கொண்டே வந்து, சாரதியின் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. சாரதி இருந்த அறை அப்படியே இருந்தது. பெல் எயாரில் நசுங்கல் நிற்கவில்லை. கதவும் கூரையும் மடிந்தன. ஸ்டியரிங் சாரதியை நோக்கி வந்தது. உள்ளே இருந்த பொம்மையின் தலை ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் அடிபட்டது. அது மனிதனாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். மலிபுவில் இருந்தவருக்குக் காலில் சிறு காயம் மட்டும் ஏற்பட்டிருக்கும்.

விளக்கைப் போட்ட பிறகு ஆசிரியை கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். உந்தத்தில் ஏற்படும் மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் விசை. அவ்வளவுதான். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் செக்கனுக்கு 18 மீற்றர் வேகத்தில் போகிறார். அவரை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் அவர்மேல் விழும் விசை ஏறக்குறைய 10,800 நியூட்டன். அதையே ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் 54,000 நியூட்டன். ஐந்து மடங்கு. மனித உடலுக்கு வேண்டியது நேரம். புதிய காரின் முன்பக்கம் நசுங்கி நசுங்கி அந்த நேரத்தைத் தருகிறது. மோதலின் சக்தியைத் தானே வாங்கிக்கொள்கிறது. நசுங்குவதற்கென்றே அந்தப் பகுதி செய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் மனிதர்கள் இருக்கும் அறை மட்டும் நசுங்காத உருக்கால் ஆனது.

மாமாவின் காரின் கசங்கிய முன்பக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தகரம் தன் வேலையைச் செய்திருந்தது.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பனியில் வேலை செய்த பேலா பரெனி என்ற பொறியியலாளர்தான் இந்த யோசனைக்குச் சொந்தக்காரர். நசுங்கும் பகுதிகளோடு அந்தக் கம்பனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கார் 1959இல் வந்தது. சுவீடனின் வொல்வோ கம்பனியில் நில்ஸ் போலின் என்பவர் அமைத்த மூன்று முனை ஆசனப்பட்டியும் அதே 1959இல்தான் கார்களில் வந்தது. அந்தக் கம்பனி அதை மற்றக் கம்பனிகளும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. சிறகுள்ள பெல் எயாரும் அதே வருடம். உலகம் ஒரு பக்கத்தில் காருக்குச் சிறகு வைத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு பக்கத்தில் இரண்டு பேர் உயிரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மொரிஸ் அதற்கு அடுத்த வருடம் பிறந்தது. அந்த யோசனைகள் அதை வந்து சேரவில்லை. அது காரின் பிழையல்ல. அந்தக் காலத்துக் கார்கள் ஏறக்குறைய எல்லாம் அப்படித்தான்.

அன்று இரவு அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் இன்னொரு கணக்குச் செய்தேன். தம்பியின் எடை 15 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டேன். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 11 மீற்றர். அன்று கன்றுக்குப் பதிலாக ஒரு லொறி நின்றிருந்தால், கார் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில் நின்றிருந்தால், உம்மாவின் இரண்டு கைகளும் தாங்க வேண்டிய விசை 1,650 நியூட்டன். மூன்று சீமெந்து மூடைகளின் பாரத்தைவிட அதிகம். எந்த உம்மாவாலும் முடியாது.

கொப்பியை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன். "உம்மா, நீங்க இறுக்கித்தான் புடிச்சிருந்தீங்க. யாராலயும் ஏலாது" என்று சொன்னேன். உம்மா கணக்கைப் பார்க்கவில்லை. என் தலையைத் தடவினார். பிறகு எழுந்து போய் முகம் கழுவினார்.

மூத்தவாப்பாவிடம் சொல்வது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. ஐம்பது வருடங்களாக ஒருவர் நம்பிய ஒன்றைப் பதினேழு வயதுப் பேத்தி எப்படிப் பிழை என்று சொல்வது? அதுவும், அந்த நம்பிக்கையால்தான் அவர் கூரைக்கு உதவும் காசையும் வேண்டாம் என்றார். எங்கள் உயிருக்காகத்தான் காரை விற்காமல் வைத்திருக்கிறார். அந்தக் கார்தான் ஆபத்து என்று சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்? நான்கு நாட்கள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் அஸருக்குப் பிறகு, அவர் வேப்பமரத்தடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாப்பாவின் கைபேசியில் அந்தக் காணொளியைக் காட்டினேன்.

ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்.

"அது துருப்பிடிச்ச காரா இரிக்கும்" என்றார்.

"அமெரிக்காவிலயும் கனபேர் அப்பிடித்தான் கேட்டாங்க, மூத்தவாப்பா. காரின்ட சட்டம் உறுதியாத்தான் இருந்திச்சி எண்டு சோதிச்ச ஆக்கள் சொல்லியிருக்காங்க."

"இது அமெரிக்கக் கார். நம்மடது இங்கிலீஷ் கார்."

"ஓம். நம்மடது அதவிடச் சின்னது."

அவர் துணியைப் பொனட்டின் மேல் வைத்தார். அந்த நான்கு அங்குலப் பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கொப்பியை விரித்து மூன்று சீமெந்து மூடைக் கணக்கைச் சொன்னேன். காரைப் பற்றிப் பேசியபோது எதிர்க்கேள்வி கேட்டவர், தம்பியைப் பற்றிப் பேசியபோது கேட்கவில்லை. முடிவில், "இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கல்லியே மகள்" என்றார். அது எனக்குச் சொன்ன பதிலா, தனக்குள் கேட்ட கேள்வியா என்று தெரியவில்லை.

"அல்லாஹ் காப்பாத்தினான், மூத்தவாப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்ன செய்தியைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

"ஒட்டகத்தக் கட்டோணும் எண்டு ஒங்களுக்கு நாந்தான் சொல்லித் தந்தேன். நான் அம்பது வருஷமாக் கட்டாம உட்டிருக்கேன், என்ன?"

எனக்கு அழுகை வந்தது. அவர் துணியை எடுத்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

புதிய கார் ஒன்று வாங்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடியும் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால், வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் அந்த விலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது. பழைய காரை விற்றாலும் எட்டாது. ஆகவே எங்களால் முடிந்ததைச் செய்தோம்.

மூத்தவாப்பாவே காரை நகரத்தில் தெரிந்த ஒரு பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனார். நானும் வாப்பாவும் கூடப் போனோம். பாஸ் காரின் அடிப்பக்கத்தில் படுத்து, தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தார். துருப்பிடித்த தகட்டில் பட்டியைப் பூட்டினால் இழுபடும்போது பிய்ந்து வரும் என்றார். நல்ல இடமாகப் பார்த்து, கீழே தடித்த உருக்குத் தகடு வைத்து, அதில் பட்டிகளைப் பூட்டினார். தரையில் முதல் துளை போடும்போது மூத்தவாப்பா வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வருடங்களில் அந்தக் காரில் தேவையில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதவர் அவர்.

ஆசனப்பட்டி போட்டதால் பழைய கார் புதிய காராகிவிடாது. அதன் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது. முன்பக்கம் கணக்குப் பார்த்து நசுங்காது. காற்றுப்பை இல்லை. இதை மூத்தவாப்பாவும் விளங்கிக்கொண்டார். ஆகவே எங்கள் வீட்டில் சில புதிய சட்டங்கள் வந்தன. கந்தளாய்க்கும் மூதூருக்கும் பஸ்ஸில் போவது. அல்லது மாமா வந்தால் அவருடைய காரில் போவது. மொரிஸ் நகரத்துக்குள் மட்டும். பிள்ளைகள் எப்போதும் பின் ஆசனத்தில். இந்தக் கடைசிச் சட்டம் மாமாவின் புதிய காருக்கும் பொருந்தும். ஏனென்றால், பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காகப் பெரும் வேகத்தில் விரியும் காற்றுப்பை முன் ஆசனத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குக் காயத்தை ஏற்படுத்தக்கூடும்.

இதை வாசிக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் தயவுசெய்து ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உங்கள் கார் பழையதோ புதியதோ, பிள்ளையை முன் ஆசனத்தில் மடியில் வைக்க வேண்டாம். உங்கள் அன்பில் குறையில்லை. உங்கள் கைகளின் பலம்தான் போதாது. என் சகோதரிகளே, உந்தம் பரீட்சையில் வரும் ஒரு கேள்வி என்று மட்டும் நானும் நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் மாமா எங்களைக் கந்தளாய்க்கு அழைத்துப் போனார். மூத்தவாப்பா முன் ஆசனத்தில் ஏறினார். பட்டியை இழுத்துப் பூட்டத் தெரியாமல் தடுமாறினார். பின்னால் இருந்து நான் உதவி செய்தேன்.

"இறுக்குது மகள்."

"இறுக்கத்தான் வேணும், மூத்தவாப்பா."

பாலம்போட்டாறு தாண்டும்போது தம்பி தன் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மூத்தவாப்பா கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு மட்டும் அவர் மொரிஸை எடுக்கிறார். உட்துறைமுக வீதியால் சைக்கிள்காரர்கள் முந்திப் போகும் அளவுக்கு மெதுவாகப் போகிறார். சில நாட்களில் கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்துக்குள் வந்து வீதியைக் கடக்கும். அப்போது காரை நிறுத்திக் காத்திருப்பார். அவை போன பிறகு பள்ளிவாசல் பக்கம் திரும்புவதற்காக அந்தச் செம்மஞ்சள் நிறக் கை எழும்பும். பொனட்டைத் தட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால், "தகரம்" என்று அவர் இப்போது யாருடைய காரையும் சொல்வதில்லை.